தமிழைச் சாய்க்க வேண்டாம்: மும்பைத் தமிழ் அமைப்புகளின் மலர்க் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி என்று மும்பையிலும் அதைச் சுற்றியும் இயங்கும் தமிழ் அமைப்புகளின் மலர்க் குழுவினருக்கும், அவர்களுடைய மலர்களையும் அழைப்பிதழ்களையும் அச்சிட்டுத் தரும் அச்சகத்தாருக்கும்,

அன்புடையீர், வணக்கம்.

சயானில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். பொங்கல் விழா மலர், ஆண்டு மலர், கச்சேரி நிகழ்ச்சி நிரல், கல்யாணப் பத்திரிகை என்று உங்களில் பலருடைய வேலைகள் என் மேசைக்கு வந்து போகின்றன. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ப்ரூஃப் பார்க்க வருகிறவர்களிடம் நின்ற வாக்கில் சொல்லி முடிக்கக்கூடிய விஷயம் அல்ல இது. அதனால் எல்லோருக்கும் பொதுவாக, காரணங்களோடு எழுதிவிட நினைத்தேன்.

என் வேண்டுகோள் இரண்டு. கணினியில் இட்டாலிக் பொத்தானை அழுத்தித் தமிழைச் சாய்ப்பதை இந்த ஆண்டு மலர்களிலிருந்தே நிறுத்துங்கள். அப்புறம், தமிழுக்கென்று, தமிழ்க் கையெழுத்திலிருந்தே பிறந்த ஒரு துணையெழுத்தை, அதாவது வழக்கமான நேரெழுத்தின் பக்கத்தில் ஆங்கில இட்டாலிக் போல வேறு குரலில் பேசுகிற எழுத்துருவை, வரையச் செய்ய நாம் எல்லோரும் சேர்ந்து பணம் போடுவோம். முதல் வேண்டுகோளுக்குச் செலவே இல்லை. இரண்டாவதற்கு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் எங்கே தொடங்குகிறது என்று எனக்குத் தெரியும். பத்திரிகையின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். ஆங்கிலப் பக்கத்தில் மணமக்களின் பெயரை முனைகளில் சின்ன நீட்டல் உள்ள அழகான செரிஃப் இட்டாலிக்கில் பெரிதாக வைக்கிறோம். மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வந்து, ஒவ்வொரு எழுத்தும் அடுத்ததை நோக்கி வளைந்து போக, பார்ப்பவர் மனம் அதிலேயே நின்றுவிடுகிறது. உடனே தமிழ்ப் பக்கத்தைக் காட்டி, "இதையும் அதே மாதிரி சாய்ச்சுக் குடுங்களேன்" என்கிறார்கள். தமிழும் அதே அளவு அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் அது. அந்த ஆசையில் தவறே இல்லை. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் ஆங்கில எழுத்துக்கு அந்த அழகைக் கொடுத்தது சாய்வு என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

இட்டாலிக் பிறந்த இடம் 15ஆம் நூற்றாண்டு இத்தாலி. அங்கே படித்தவர்கள் இரண்டு விதமாக எழுதினார்கள். நிதானமாக, எழுத்துக்கு எழுத்து பேனாவை எடுத்து எழுதுவது ஒன்று. வேகமாக, பேனாவை அதிகம் எடுக்காமல் ஓட்டி எழுதுவது இன்னொன்று. இந்த ஓட்டெழுத்தைப் பற்றிப் பேசும்போது ஃபிளாரன்ஸ் நகரத்து அறிஞர் நிக்கோலோ நிக்கோலியின் பெயரைச் சொல்வார்கள். வெனிஸ் நகரத்தில் அச்சகம் வைத்திருந்த ஆல்டஸ் மனூத்தியஸ் இந்தக் கையெழுத்தை உலோக எழுத்தாக்க விரும்பினார். அச்சு வெட்டிக் கொடுத்தவர் ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ. 1500இல் ஒரு மரச்செதுக்குப் படத்துக்குள் சில சொற்களாக அது தலைகாட்டியது. 1501இல் பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் கவிதைகளை முழுக்க அந்த எழுத்திலேயே அச்சிட்டு, கையில் எடுத்துப் போகக்கூடிய சிறிய அளவில் வெளியிட்டார்கள்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. சின்ன எழுத்துகள்தான் ஓட்டெழுத்து. பெரிய எழுத்துகள் நேராகவே நிற்கின்றன. சாய்ப்பது நோக்கமாக இருந்திருந்தால் அவற்றையும் சேர்த்துச் சாய்த்திருப்பார்கள். கை ஓடுகிற விதத்தைப் பிடிப்பதுதான் அவர்கள் நோக்கம். பெரிய எழுத்துகளுக்குச் சாய்வு பின்னால்தான் வந்தது. அதேபோல, அந்த நாளில் இட்டாலிக் யாருக்கும் துணையெழுத்து இல்லை, தனி எழுத்து. பிறகு ரோமாபுரியில் போப்பாண்டவரின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த லுடோவிக்கோ அர்ரிகி, இந்தக் கையெழுத்தைக் கற்றுக்கொடுக்க 1520களில் ஒரு பாடநூல் கொண்டுவந்தார். தன் கையெழுத்தை வைத்து இட்டாலிக் அச்செழுத்தும் செய்வித்தார். இன்று பத்திரிகைகளில் நாம் மயங்கிப் பார்க்கிற, மேலே நீண்டு வளைகிற எழுத்துகள் பல அவர் வழியில் வந்தவை. அதே நூற்றாண்டில் பிரான்சில் ராபர்ட் கிரான்ஜோன் போன்றவர்கள் வெட்டிய இட்டாலிக்குகள் நேரெழுத்தின் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தன. ஒரே வரியில் இரண்டையும் கலந்து, ஒன்று பேச இன்னொன்று வேறு குரலில் பேசுகிற வழக்கம் அப்படித்தான் நிலைத்தது.

சரி, அந்தக் கை எதையெல்லாம் மாற்றியது என்று பாருங்கள். நேரெழுத்தில் ஆங்கில 'ஏ'யின் சிறிய வடிவத்துக்கு மேலே ஒரு கூரை இருக்கும், கீழே ஒரு வயிறு. இட்டாலிக்கில் கூரை போய்விடும், ஒரே சுழிப்பு. 'எஃப்' நேரெழுத்தில், எழுத்துகள் உட்காருகிற வரிக்கோட்டின் மேல் நிற்கும். இட்டாலிக்கில் பெரும்பாலும் வரிக்குக் கீழே இறங்கி வளையும். 'என்', 'எம்' இரண்டிலும் வளைவு தண்டின் உச்சியிலிருந்து பிரியாது. பேனாவை எடுக்காமல் கீழிருந்தே ஏறும். செரிஃப் என்கிற முனை நீட்டல் நேரெழுத்தில் தட்டையாகப் பாதம் பதித்து நிற்கும். இட்டாலிக்கில் அதுவே பேனா உள்ளே நுழைகிற சின்னக் கொக்கியாகவும் வெளியேறுகிற சின்ன இழுப்பாகவும் மாறிவிடும். எழுத்தின் அகலம் குறையும். வரி நெருக்கமாகும். இத்தனையும் நடந்த பிறகு கொஞ்சம் சாய்வு.

எவ்வளவு சாய்வு என்பதிலும் விதி கிடையாது. டைம்ஸ் நியூ ரோமனின் இட்டாலிக் 15 பாகைக்கு மேல் சாய்ந்தது. எரிக் கில் வரைந்த ஜோவன்னா என்ற எழுத்துருவின் இட்டாலிக்கோ 3 பாகைதான். ஏறக்குறைய நேராகவே நிற்கும். ஆனாலும் அதைப் பார்க்கிற யாரும் இட்டாலிக் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கை அங்கே இருக்கிறது.

வெறுமனே சாய்த்தால் போதாதா என்ற கேள்வியைக் கேட்பதில் நாம் முதல் ஆட்கள் இல்லை. எழுத்து வடிவமைப்பில் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்த ஸ்டான்லி மோரிசன் 1926இல் ஒரு கட்டுரையில் இதையே வாதிட்டார். நேரெழுத்துக்குத் துணையாக வருவது அதன் சாய்ந்த வடிவமாகவே இருக்கட்டும், கையெழுத்துச் சாயலே வேண்டாம் என்றார். டச்சு வடிவமைப்பாளர் யான் வான் கிரிம்பன் அதை ஏற்று, தன் ரோமுலஸ் எழுத்துக்கு அப்படியே ஒரு சாய்ந்த துணை வரைந்தார். சாய்ந்ததும் நேரானதும் ஒரே குரலாக ஒலித்ததால் அந்த வழி புத்தக எழுத்துகளில் பிடிக்கவில்லை. மோரிசன் தாமே மேற்பார்வை பார்த்து 1932இல் லண்டன் நாளிதழுக்காக வந்த டைம்ஸ் நியூ ரோமனில் என்ன இருக்கிறது? கையோட்டத்தோடு தனியாக வரையப்பட்ட, வழக்கமான இட்டாலிக். அதுவும் திறமைசாலிகள் கண்ணால் பார்த்துத் திருத்திய சாய்வு பற்றிய கதை இது. நாம் செய்வது பொத்தானை அழுத்துவது மட்டும்.

இதை உங்கள் கணினியிலேயே பார்த்துவிடலாம். டைம்ஸ் நியூ ரோமனில் ஒரு ஆங்கிலச் சொல்லை அடித்து இட்டாலிக் ஆக்குங்கள். எழுத்துகளின் உருவமே மாறும். அடுத்து லதா, நிர்மலா என்ற தமிழ் எழுத்துருக்களில் ஒன்றில் ஒரு தமிழ்ச் சொல்லை அடித்து அதே பொத்தானை அழுத்துங்கள். உருவம் மாறாது, நின்றது சரிந்து நிற்கும். அந்த எழுத்துருக்களில் இட்டாலிக் என்று ஒன்று வரையப்படவே இல்லை. இல்லாததைக் கேட்டதும் மென்பொருள் நேரெழுத்தை இழுத்துச் சரித்துக் கொடுக்கிறது. நின்றுகொண்டிருப்பவரின் புகைப்படத்தைச் சாய்த்து மாட்டிவிட்டு, அவர் ஓடுகிறார் என்று சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை.

தமிழில் இந்தச் சரிப்பு செய்கிற சேதம் ஆங்கிலத்தைவிட அதிகம். ஏன் என்பதற்கு நம் எழுத்தின் உடற்கூறுதான் காரணம். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சரிக்கும்போது வரிக்கோடு அசையாது. அதற்கு மேலே இருப்பதெல்லாம் உயரத்துக்கு ஏற்றபடி வலப்பக்கம் நகரும். கீழே இருப்பதெல்லாம் ஆழத்துக்கு ஏற்றபடி இடப்பக்கம் நகரும். ஆங்கிலத்தில் மேலேயோ கீழேயோ நீள்கிறவை சின்ன எழுத்துகளில் ஏறக்குறைய பாதிதான். தமிழிலோ பெரும்பாலான சொற்களில் ஏதாவது மேலே ஏறும், ஏதாவது கீழே இறங்கும். புள்ளியும், இகர ஈகாரச் சுழிகளும் மேலே இருப்பதால் அடுத்த எழுத்தின் தலைமேல் போய்ச் சரிகின்றன. ரு, ழு, மு, ஞ, ஐ போன்றவற்றின் அடிவளைவுகள் முந்தைய எழுத்தின் காலடியில் நுழைகின்றன. 'விழுந்தது' என்ற ஒரு சொல்லை எட்டு பாயிண்ட் என்ற சின்ன அளவில் சரித்து அச்சிட்டுப் பாருங்கள், இரண்டும் தெரியும்.

அகலம் இன்னொரு விஷயம். இட்டாலிக் ஆங்கிலத்தில் ஒடுங்கிய எழுத்துகளின் மேல் உட்காருகிறது. ஒடுங்கிய எழுத்து சாய்ந்தால் நகர்வதுபோல் தெரியும். நம்முடைய ண, ஞ, ணை, ளை, ஐ எல்லாம் அகன்றவை. அகன்ற எழுத்து சாய்ந்தால் ஒரு பக்கம் இழுபட்டதாகத்தான் தெரிகிறது. வட்டங்கள் முட்டை வடிவமாகி ஒரு மூலையில் பிதுங்கும். தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி வருகிற எழுத்துரு என்றால், வடிவமைப்பாளர் கணக்குப் பார்த்து வைத்த தடிப்பு வேறு இடத்துக்குப் போய்விடும்.

அப்புறம் ரகரமும் துணைக்காலும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ரகரத்தின் அடியில் சாய்வாக இறங்குகிற சின்னக் கோடு. ஓலைச்சுவடிகளில் இவை இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தன. இடம் பார்த்துத்தான் படிக்க வேண்டியிருந்தது. அச்சு நமக்குக் கொடுத்த நல்ல வேறுபாடு இது. எல்லாக் கோடுகளும் சாய்ந்த பக்கத்தில் அந்த ஒரு சின்னச் சாய்கோடு எப்படித் தனித்துத் தெரியும்?

பழகிய கண் இதையெல்லாம் தாண்டிப் படித்துவிடும். நான் கவலைப்படுவது பழகாத கண்ணைப் பற்றி. நம் மலரைக் கையில் எடுக்கிற பிள்ளைகளில் பலர் வீட்டில் தமிழ், தெருவில் மராத்தியும் இந்தியும், பள்ளியில் ஆங்கிலம் என்று வளர்கிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கள். மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் மலரில் குறளும் பாரதியும் சேர்க்கிறோம். அந்தக் குறளையே, அது சிறப்பானது என்பதற்காக, சாய்வில் போட்டுவிடுகிறோம். எதை அவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும் என்று விரும்பினோமோ, அதுவே பக்கத்தில் படிக்கக் கடினமான பகுதியாகிவிடுகிறது.

ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல இட்டாலிக் வேண்டாமா என்று கேட்பீர்கள். ஆங்கிலத்துக்கு வேண்டும், அங்கே அழுத்தம் குரலில் மட்டும் இருப்பதால் அதைக் காட்ட எழுத்து மாற வேண்டியிருக்கிறது. தமிழில் அழுத்தத்தைச் சொல்லுக்குள்ளேயே வைக்க இலக்கணம் இடம் கொடுத்திருக்கிறது. நானே போனேன், நான்தான் போனேன், நானும் போனேன். தேற்ற ஏகாரம் இருக்கும் இடத்தில் சாய்வுக்கு வேலை இல்லை. நூல் பெயருக்கு ஒற்றை மேற்கோள் குறி போதும்.

பக்கத்தில் வேறு குரல் வேண்டும் என்றால், அதற்கும் இன்றைக்கே வழி இருக்கிறது. நோட்டோ செரிஃப் தமிழ் என்ற எழுத்துரு மிக மெல்லியதிலிருந்து மிகத் தடித்தது வரை பல தடிப்புகளில் இலவசமாகக் கிடைக்கிறது. கட்டுரை நடுத்தடிப்பில் இருக்கும்போது மேற்கோளை மெல்லிய தடிப்பில் ஒரு பாயிண்ட் பெரிதாக வைத்து, இடப்பக்கம் கொஞ்சம் உள்தள்ளினால் தனியாகத் தெரியும். நம் மும்பையிலேயே இருக்கிற ஏக் டைப் என்ற எழுத்து வடிவமைப்புக் குழுவினர் 2022இல் வெளியிட்ட அனேக் தமிழ், தடிப்பில் மட்டும் இல்லாமல் அகலத்திலும் மாறக்கூடியது. தலைப்புக்கு அகன்ற வடிவம், படக்குறிப்புக்கு ஒடுங்கிய வடிவம் என்று ஒரே குடும்பத்தை வைத்து ஒரு மலரையே முடித்துவிடலாம். இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அசீஸின் கவிவாணர் என்ற எழுத்துரு கையெழுத்துச் சாயல் கொண்டது. லேசாகச் சாய்ந்தும் இருக்கும். கவிதைத் தலைப்புக்கும் வாழ்த்து வரிக்கும் எனக்குப் பிடித்த எழுத்து அது. ஆனால் ஒரே தடிப்பில்தான் இருக்கிறது. நீண்ட கட்டுரைக்குத் துணையாக அமையாது. நோட்டோ செரிஃப் தமிழுக்குத் தனியே வெளியான ஒரு சாய்வு வடிவமும் உண்டு. மென்பொருளின் சரிப்புக்கு அதை வைத்துக்கொள்வது மேல் என்பேன். இருந்தாலும் அது சாய்ந்த நேரெழுத்துதான். கட்டுரைக்குத் துணையாகும்படி கை ஓடிய எழுத்து, எனக்குத் தெரிந்து, இன்னும் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆங்கிலப் பக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே இட்டாலிக் நிஜமாகவே இருக்கிறது. ஆனால் பல மலர்களில் அதைச் சரியாகப் பயன்படுத்துவதில்லை. முழுத் தலைவர் உரையையும் இட்டாலிக்கில் போடாதீர்கள். இரண்டு பக்கம் சாய்வாகப் படிப்பது களைப்பு. தவிர, உள்ளே ஒரு நூல் பெயர் வந்தால் அதைப் பிரித்துக் காட்ட வேறு எழுத்து இருக்காது. கீர்த்தனையின் பெயர், நூலின் பெயர், ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்ச் சொல், இவற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே பெரிய எழுத்தில் வருகிற வரிக்கு இட்டாலிக்கே வேண்டாம்; அலங்கார வளைவுள்ள பெரிய எழுத்துகளைத் தொடர்ந்து வைத்தால் யாராலும் படிக்க முடியாது. மணமகளின் பெயருக்கு முதலெழுத்து ஒன்றில் வளைவு இருந்தால் அழகு அங்கேயே நிறைந்துவிடும்.

எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்போது அளவைப் பாருங்கள். கோர்மோரன்ட், பிளேஃபேர் டிஸ்பிளே இரண்டும் இலவசம். இரண்டிலும் நல்ல இட்டாலிக் உண்டு. ஆனால் அவை பெரிய அளவுக்காக வரையப்பட்டவை. முடிபோன்ற மெல்லிய கோடுகள் தலைப்பில் மின்னும். எட்டு பாயிண்ட் முகவரியில் காணாமல் போகும். அரக்கு நிறப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவோ தங்க ஃபாயிலிலோ போட்டால் இன்னும் மோசம், கோடு அங்கங்கே அறுந்துவிடும். சின்ன அளவுக்கு ஈபி கேரமாண்ட் நல்லது. 1592ஆம் ஆண்டின் ஓர் அச்செழுத்து மாதிரித் தாளை வைத்துச் செய்யப்பட்டது. அதன் இட்டாலிக் நான் மேலே சொன்ன கிரான்ஜோனின் வழி வந்தது. தமிழை அதன் பக்கத்தில் வைக்கும்போது இரண்டுக்கும் ஒரே பாயிண்ட் கொடுக்காதீர்கள். பல எழுத்துருக்களில் தமிழ் பெரிதாகத் தெரியும். கண்ணால் பார்த்துத் தமிழைச் சற்றுக் குறைத்தால் இரண்டும் சமமாக உட்காரும்.

இனி இரண்டாவது வேண்டுகோள்.

தமிழ் அச்சேறியது நேற்று இல்லை. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே புத்தகம் அச்சாகிவிட்டது. ஆல்டஸின் வர்ஜில் வந்து எண்பது ஆண்டுகள்கூட ஆகாத காலம் அது. அதற்குப் பிறகு தமிழ் அச்செழுத்து எத்தனையோ அளவுகளும் தடிப்புகளும் கண்டது. ஆனால் தமிழர்கள் வேகமாக எழுதும்போது கை எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து ஒரு துணையெழுத்து உருவாகிப் புத்தகங்களில் நிலைபெறவில்லை. இதைச் செய்ய மும்பையைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை.

விண்டோஸ் கணினிகளில் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் பார்த்திருக்கக்கூடிய லதா எழுத்துருவை வடிவமைத்தவர் ஆர்.கே. ஜோஷி. மராத்திக் கவிஞர், எழுத்துக் கலைஞர், ஐஐடி பம்பாயின் வடிவமைப்பு மையத்தில் பேராசிரியராக இருந்தவர். 2008இல் மறைந்தார். நம் மொழியின் எழுத்தை இத்தனை அக்கறையோடு வரைந்த ஒரு மராத்திக்காரரை மும்பைத் தமிழர்களான நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். 2010இல் ரூபாய்க்குக் குறியீடு கொடுத்த உதயகுமாரும் அதே மையத்தில் படித்தவர். தமிழ் எழுத்து வடிவமைப்பில் தனி ஈடுபாடு கொண்டவர். ஏக் டைப் பற்றி மேலே சொன்னேன். அறிவும் பயிற்சியும் இந்த ஊரிலேயே இருக்கின்றன.

நாம் வாழும் மாநிலத்தில் ஒரு முன்மாதிரியும் இருக்கிறது. மராத்திக்கு இரண்டு எழுத்து இருந்தது. நூல்களுக்குப் பால்போத் என்கிற நேரான தேவநாகரி. கணக்குக்கும் கடிதத்துக்கும் அரசாங்கக் காரியத்துக்கும் மோடி என்கிற ஓட்டெழுத்து. பேனாவை எடுக்காமல் எழுதுவதற்காக எழுத்துகளின் உருவத்தையே மாற்றிக்கொண்டது மோடி. தஞ்சை மராட்டியர் காலத்து மோடி ஆவணங்கள் இன்றும் தஞ்சாவூரில் பாதுகாக்கப்படுகின்றன. இத்தாலியில் நடந்ததற்கு நெருக்கமான ஒன்று நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது. கை ஓடினால் எழுத்து உள்ளுக்குள்ளேயே மாறும். ஓரமாகப் பிடித்துத் தள்ளினால் மாறாது.

தமிழ்க் கையின் ஓட்டத்தை எங்கே தேடுவது? உங்கள் வீட்டுப் பரணில். திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கும், தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் மாட்டுங்காவுக்கும் வந்த இன்லேண்ட் கடிதங்களையும் கார்டுகளையும் பல குடும்பங்கள் இன்னும் எறியாமல் வைத்திருக்கின்றன. அந்தக் கடிதங்களில் இடம் குறைவு, சொல்ல வேண்டியது அதிகம், எழுதியவர் கையில் வேகம். தகரத்தின் வால் அடுத்த எழுத்துக்குள் எப்படிப் போகிறது, ஐகாரக் கொம்பு எப்படி ஒரே இழுப்பில் முடிகிறது, புள்ளி எங்கே சின்னக் கோடாகிறது, ககரத்தின் எந்த மூலை உருண்டுவிடுகிறது என்பதெல்லாம் அவற்றில் இருக்கிறது. சிலருடைய கை வலப்பக்கம் சாயும், சிலருடையது இடப்பக்கம், சிலருடையது நேராகவே ஓடும். தமிழின் துணையெழுத்து சாய வேண்டுமா என்பதையே இந்தக் கடிதங்களைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சாயாமலும் அது துணையெழுத்தாக இருக்கலாம். ஜோவன்னாவின் 3 பாகை எனக்கு அந்தத் துணிச்சலைக் கொடுக்கிறது. பழைய கடிதங்களில் 1978ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா, னா வடிவங்கள் இருக்கும். அவற்றின் இழுப்பைக் கற்றுக்கொண்டு இன்றைய வடிவங்களையே வரையச் சொல்லலாம் என்பது என் எண்ணம். இதில் தமிழறிஞர்கள் வேறு கருத்துச் சொன்னால் கேட்க வேண்டும்.

வேலை பெரியது என்பதை மறைக்கவில்லை. தமிழுக்கு 247 எழுத்து. கொம்பும் காலும் சேர்த்து உருவாகிறவை போக, இகர ஈகார உகர ஊகார வடிவங்களை ஒவ்வொரு மெய்க்கும் தனித்தனியாக வரைந்து, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எது வந்தாலும் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிரந்த எழுத்துகளும் எண்களும் தனி. ஒரு தொழில்முறை வடிவமைப்பாளருக்கு உரிய சம்பளம் கொடுத்துத்தான் இதைக் கேட்க வேண்டும். தமிழ்த் தொண்டு என்று சொல்லி இலவசமாகச் செய்யச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பணத்துக்கு என் யோசனை: ஒவ்வொரு அமைப்பும் இந்த ஆண்டு மலரில் வருகிற விளம்பரங்களில் ஒரு முழுப்பக்கத் தொகையை இதற்கென்று ஒதுக்குங்கள். பெரிய அமைப்பு பின்னட்டைத் தொகையைக் கொடுக்கலாம். சின்ன அமைப்பு கால் பக்கத் தொகை கொடுத்தாலும் பங்கு பங்குதான். அச்சகத்தார் பரிசோதனைப் பக்கங்களை ஆஃப்செட்டில் அடித்துக் கொடுத்தால் பெரிய உதவி. திரையில் நன்றாக இருப்பது தாளில் எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் தெரியும். பக்கங்களைக் கோத்துக் கொடுக்கிற வேலையை நான் கட்டணம் இல்லாமல் செய்கிறேன். எழுத்துரு வெளியாகும்போது யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் திருத்தவும் அனுமதிக்கிற திறந்த உரிமத்தில் வர வேண்டும் என்பது மட்டும் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதப்பட வேண்டும். அப்படி வந்தால் சென்னையில் புத்தகம் போடுகிறவரும், யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நடத்துகிறவரும், கோலாலம்பூரில் பள்ளி மலர் செய்கிறவரும் அதே எழுத்தை எடுத்துக்கொள்வார்கள்.

மலர் வேலை தொடங்கும் முன் எல்லாக் குழுக்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடிப் பேசலாம். ஏதாவது ஒரு அமைப்பு தன் அரங்கை இரண்டு மணி நேரம் கொடுத்தால் போதும். வருகிறவர்கள் போன ஆண்டு மலர் ஒரு பிரதியும், வீட்டாரின் சம்மதத்தோடு பழைய கையெழுத்துக் கடிதங்களின் நகல்கள் சிலவும் கொண்டுவாருங்கள். சொந்த விஷயங்கள் உள்ள வரிகளை மறைத்து நகல் எடுத்தால் போதும்; நமக்கு வேண்டியது எழுத்தின் ஓட்டம் மட்டும். ஐஐடி வடிவமைப்பு மையத்தில் தமிழ் தெரிந்த மாணவர்கள் யாரையாவது உங்களில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அவர்களையும் அழைத்து வாருங்கள். அரங்கம் எது, நாள் எது என்று எந்தக் குழு முதலில் முடிவு செய்கிறதோ அதுவே மற்றக் குழுக்களுக்குச் சொல்லி அனுப்பட்டும்.

அன்புடன்,
ஒரு பக்க வடிவமைப்பாளர்
சயான், மும்பை